கைப்பிடியில் இரண்டு நூல்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஓர் எனாமல் குவளை தொங்குகிறது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, அடியில் பூச்சு பெயர்ந்து கறுத்துப்போன வட்டம். கைப்பிடியில் இரண்டு நூல்கள் கட்டியிருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். வருகிறவர்கள் திருஷ்டிக்கா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு அந்த மனசு வராது. அது ஒரு கள்ளுக்கடையின் சட்டம் என்பேன். உடனே எல்லோரும் என் மனைவியைப் பார்ப்பார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கமே உரிமம் கொடுத்துக் கள்ளுக்கடைகளைத் திறந்திருந்த சில வருடங்கள் உண்டு. அப்போது நான் பாப்பாரப்பட்டியில் லைன்மேன். கல்யாணமாகாதவன். அம்மா பொம்மிடியில் இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பை ஒட்டி அந்தக் கடை இருந்தது. உரிமம் கணவர் பேரில், ஊற்றுவது மனைவி. ஊரில் எல்லோரும் அந்த அம்மாளை அளவக்கா என்றார்கள். குடிக்க வருகிறவனைத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறெந்தக் கடைக்காரரிடமும் பார்த்ததில்லை. வெறும் வயிற்றோடு வந்தவனுக்கு முதலில் அவித்த மொச்சைதான் கிடைக்கும். காக்கிச் சட்டையோடு வந்த பஸ் டிரைவரை, "சட்டையை மாத்திக்கிட்டு, வண்டியை வுட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். என் இடுப்பில் கட்டிங் பிளேயர் இருந்தால் என்னை ஏறிட்டே பார்க்க மாட்டார். ஒரு நாள் பிளேயரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். "கம்பத்துல ஏறப் போறவனுக்கு இங்க மோர்தான்" என்று உண்மையிலேயே மோரை நீட்டினார். குடித்துவிட்டு வந்தேன், வேறு என்ன செய்வது.

அந்தக் கடையின் பெரிய விசேஷம் நூல்தான். வழக்கமாக வருகிறவர்கள் ஆளுக்கொரு குவளையை வீட்டிலிருந்து கொண்டுவந்து அங்கே ஆணியில் மாட்டிவைக்க வேண்டும். கைப்பிடியில் எத்தனை நூலோ அத்தனை குவளைதான் ஊற்றுவார். நூல் கட்டுவது குடிக்கிறவன் இல்லை, அவன் வீட்டுக்காரி. பெண்கள் சந்தைக்கு வரும் வழியில், பழைய சேலைக் கரையில் உருவிய நூலைக் கொண்டுவந்து தங்கள் கையால் கட்டிவிட்டுப் போவார்கள். வீட்டில் சண்டை என்றால் ஒரு நூல் குறையும். நல்ல மகசூல் என்றால் ஒன்று கூடும். குடும்பத்தின் சமாசாரம் முழுக்க அந்தச் சுவரில் தொங்கும். எனக்குக் கட்ட ஆளில்லாததால் அக்காவே ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டார். ஒன்றுதானா என்று கெஞ்சினேன். "பொண்டாட்டி வர்ற வரைக்கும் இதுதான் உன் அளவு. அப்புறம் அவ பாடு, உன் பாடு" என்றார்.

அந்த வருடம் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்க விவசாயி வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே போன பெண், மீட்டர் ஏன் இப்படி வேகமாக ஓடுகிறது என்று என்னைக் கேட்கும்படி தன் அப்பாவிடம் சொல்லியனுப்பினாள். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கதவிடுக்கில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று அந்த ஸ்டூல் மேலேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு இடங்களில் விசாரிப்பார்கள். ஒன்று பங்குச் சாமியாரிடம், இன்னொன்று கள்ளுக்கடையில். சாமியார் பொய் சொல்ல மாட்டார்தான், ஆனால் அவருக்குத் தெரிந்தது நம்முடைய ஞாயிற்றுக்கிழமையை மட்டும். பெண்ணின் அப்பாவும் ஒரு நாள் தன்னை யார் என்று காட்டிக்கொள்ளாமல் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். தவக்காலம் அது. எங்கள் சபைக்காரர்கள் யாரும் ஈஸ்டர் வரை கள்ளைத் தொட மாட்டோம். அக்கா உறவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்ததால் அவர் கணவர்தான் கடையில் இருந்தார். லைன்மேன் குவளை எது என்று கேட்டதும் அவர் கள்ளங்கபடம் இல்லாமல் கையைக் காட்டிவிட்டார். என் குவளையின் கைப்பிடியில் கொத்தாக நூல் தொங்கியது. நூலுக்கு என்ன அர்த்தம் என்று பெஞ்சில் இருந்த ஒருவர் விளக்கியிருக்கிறார். பெண்ணின் அப்பா எழுந்து போய்விட்டார்.

இடையில் நின்று பேசியவர் எங்கள் கோயில் உபதேசியார். அவர் துக்க வீட்டுக்கு வருவதுபோல் என் அறைக்கு வந்தார். "அவங்களுக்கு இஷ்டம் இல்லையாம் தம்பி. கடையில உன் குவளையைப் பாத்தாங்களாம். நீ குடம் குடமா குடிக்கிறவனாம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

மறுநாள் அக்காவிடம் போய் நியாயம் கேட்டேன். முதலில் விழித்தார். பிறகு என் குவளையைப் பார்த்தார். "ஐயோ, பாவி நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நடந்தது இதுதான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று எங்கள் சபைக்காரர்களின் குவளைகளிலிருந்து நூலையெல்லாம் அவிழ்த்திருக்கிறார். நூல் இல்லாத குவளைக்குக் கள் இல்லை என்பதால், தவக்காலத்தில் யாருக்கும் கை நீளாது. அவிழ்த்ததைத் தொலையாமல் வைக்க ஓர் இடம் வேண்டுமே. மற்றக் குவளைகளில் தொங்கவிட்டால் வீட்டுக்காரிகள் வந்து சண்டைக்கு நிற்பார்கள். கேட்க ஆளில்லாத குவளை என்னுடையதுதான். என் சிவப்பு நூலைக்கூட அவிழ்க்காமல், எல்லாவற்றையும் அதோடு சேர்த்து முடிந்துவிட்டார்.

"கெளம்பு" என்றார். குவளையை நூல் கொத்தோடு ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கம்பைநல்லூரில் அந்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"ஐயா, நான் கள்ளு விக்கறவங்க. லைசென்ஸ் கடைங்க. நீங்க பாத்த நூலு இதுதானுங்களா?"

பெண்ணின் அப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தலையாட்டினார். அக்கா வாசலிலேயே உட்கார்ந்து, தவக்காலக் கதையைச் சொல்லி, நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். "இந்த ஊதா தபால்காரர் வூட்டம்மா கட்டினது. இந்தப் பச்சை ரெண்டும் உபதேசியார் சம்சாரம் கட்டினது. இந்தச் சிவப்பு ஒண்ணுதாங்க இவனோடது. அதையும் கட்டினது நான்."

"உபதேசியாருக்கு ரெண்டா?" என்றார் பெண்ணின் அப்பா. "எங்கிட்ட வந்து, பையன் குடிக்கிறான்னு தெரியாமப் போச்சேன்னு அவ்வளவு வருத்தப்பட்டாருங்களே!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு கேள்வி வந்தது. "ஏங்க்கா, அந்தச் சிவப்பை நல்லா இறுக்கிக் கட்டியிருக்கீங்களா?"

"அவுக்கறது இனிமே உன் கையில கண்ணு" என்றார் அக்கா.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மனைவி நேராகக் கடைக்கு வந்தாள். ஆணியிலிருந்து என் குவளையை எடுத்தாள். சிவப்பு நூலுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவுக்கோ கோபம் வந்துவிட்டது. "இன்னாடா, அதுக்குள்ள இவளை மயக்கிட்டியா?" என்று என் மேல் பாய்ந்தார்.

"அவரைத் திட்டாதீங்க்கா" என்றாள் என் மனைவி. "ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. தூக்குல ஊத்திக் குடுங்க, வூட்டுக்குக் கொண்டுபோறோம்."

அக்கா தூக்கை வாங்கினார். சிரித்துக்கொண்டே ஊற்றினார். கள் தூக்கின் விளிம்பைத் தாண்டி அவர் கைமேல் வழிந்தது. அந்தக் கை அளவு தவறி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

சில வருடங்களில் கடைகளை அரசாங்கமே மூடிவிட்டது. அக்கா வீடு வீடாகப் போய் அவரவர் குவளையை நூலோடு கொடுத்துவிட்டு வந்தார். இப்போதும் மதுக்கடைகள் இருக்கின்றன. கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீள்கிறது. யார் கை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது, இவன் சாப்பிட்டானா என்று கொடுக்கிறவனும் கேட்பதில்லை. நான் அந்தப் பக்கம் போவதில்லை. நல்லவன் என்பதால் இல்லை, கேட்க ஆளில்லாத இடத்தில் குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் குவளையில் இப்போது தேநீர்தான். டாக்டர் எனக்குக் காலையில் ஒன்றோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். என் மனைவி சிவப்புக்கு ஒன்று ஊற்றிக் கொடுப்பாள். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று நீட்டினால், கைப்பிடியைத் திருப்பி மஞ்சளைக் காட்டுவாள். "இது என்னோடதுங்க" என்று குவளையை வாங்கித் தனக்கு ஊற்றிக்கொள்வாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கடைசி மடக்கை மட்டும் குடிக்காமல் என் பக்கம் நீட்டுவாள்.