ஒதுக்கி வைத்த சாக்கு

கடற்கரையில் பிறந்தும் கடலுக்குப் போகாதவர் இஞ்ஞாசி. தோணியில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஆகவே நிலாவாரை மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷத்தில் மேஸ்திரியானார். பேதி மருந்துக்காகச் சீமைக்குக் கப்பலேறும் இலை அது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் போதும், மழை பட்ட சரக்கா, பூசணம் விழுந்ததா என்று சொல்லிவிடுவார். கிளாடிஸும் அங்கே இலை பொறுக்க வந்தவள்தான். அங்கேயே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டார்.

எழுபத்தாறாம் வருஷம் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஊசி மருந்து ஒரு சுற்று முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தேவபிரசாதம் எச்சரித்தார்: "வெள்ளையணு ரொம்பக் குறைஞ்சிட்டு. இப்ப இவங்க உடம்பு கதவில்லாத வீடு. கூட்டம், சளிக்காரங்க, தூசி எதுவும் கிட்ட வரக்கூடாது."

இஞ்ஞாசி வாசலையே காத்தார். கிளாடிஸின் தங்கை மரியசெல்வி மீன் குழம்போடு வந்தபோது, அவள் ஒரு தும்மல் தும்மியதற்குப் படியிலேயே மறித்துவிட்டார்.

"ஏன் அத்தான், நீங்க கஸ்டம்ஸ் ஆபீசரா? என் மூக்கைச் சோதிச்சுத்தான் உள்ள விடுவியளோ?"

"ஆமா. குழம்பை வச்சிட்டுப் போ."

ஆள் வராத வீட்டில் கிளாடிஸ் வாடினாள். "மெழுகுதிரி மாதிரி என்னைய நட்டு வச்சிருக்கியள். கை சும்மா இருந்தா நெனப்பு எங்கெங்கயோ போவுது. ஒரு சாக்கு இலை கொண்டாங்களேன், பொறுக்குதேன்."

நல்ல சரக்கெல்லாம் மானேஜர் கண் முன்னால் இருந்தது. ஐப்பசி மழையில் நனைந்ததென்று ஒதுக்கி வைத்த சாக்கு ஒன்றுதான் கேட்பாரற்றுக் கிடந்தது. முகர்ந்து பார்த்தார். பூசணம் என்று தெரிந்தது. வெயிலில் உதறினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். நான்கு நாள் கிளாடிஸ் முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்து, பழைய கிட்டங்கிக் கதைகளைச் சொல்லிச் சிரித்தாள். சாம்பல் நிறத்தில் பொடி பறந்தது.

பத்தே நாளில் காய்ச்சல். நெஞ்சு வலி. இருமினால் ரத்தம். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "பூசணம் பிடிச்ச தானியம், வைக்கோல், பழைய சாக்கு எதையாவது தொட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பூஞ்சைன்னா மருந்து வேற. மெட்ராஸ்லயிருந்து வரணும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். சும்மா ஊகத்துல குடுக்க முடியாது."

பக்கத்தில் மரியசெல்வி நின்றாள். ஒரு தும்மலுக்குப் படியில் மறிக்கப்பட்டவள்.

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றார் இஞ்ஞாசி.

காசநோய் என்று எண்ணி அதற்கான மருந்து தொடங்கினார்கள். மூன்றாம் நாள் இஞ்ஞாசி கோயிலுக்குப் போய் முழங்காலிட்டு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாக்கையும் சொன்னார், பொய்யையும் சொன்னார். சொல்லி முடித்ததும் நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கியது போலிருந்தது.

"டாக்டர்ட்ட சொன்னியா?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி."

"என்கிட்ட சொன்னது என்னோட நிக்கும். அது அவ நெஞ்சுக்குப் போய்ச் சேராது. எந்திரிச்சு ஓடு."

ஓடினார். டாக்டரிடம், மரியசெல்வியும் கேட்கும்படி சொன்னார். டாக்டர் திட்டவில்லை. உடனே மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டு மருந்துக்குச் சொன்னார். "நாலு நாளாகும்," என்றார்.

நான்காம் நாள் காலை ரயிலில் மருந்துப் பெட்டி வந்தது. கிளாடிஸ் முந்தின நாள் மத்தியானமே போய்விட்டாள்.

"முதல்லயே சொல்லியிருந்தா?" என்று இஞ்ஞாசி கேட்டார். "இந்த வியாதியில மருந்து கொடுத்தும் தப்பாதவங்க நிறையப் பேர்," என்றார் டாக்டர். அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரியும்.

சாவுக்குத் துட்டி கேட்க வருகிறவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, சாக்கிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். "விடுங்க அண்ணாச்சி, விதி," என்று பாதியிலேயே வாயை அடைத்தார்கள். மரியசெல்வி மட்டும் அடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எதிரே உட்கார்ந்து, கடைசிவரை கேட்டாள்.