ஆறு பிரியும் இடத்தில் அண்ணன் சொன்னது

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில், ஒரு காம்பராவில் பேசினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். அதனால்தான் அண்ணன் அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவில்லை போலிருக்கிறது.

அவனுக்கு நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் வேலை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வந்தவன், "நாளைக்கு என்கூட வா. ஆறு டேமுக்குள்ள வந்து சேர்ற எடத்தப் படகுல போய்ப் பாக்கலாம்" என்றான். அம்மா முணுமுணுத்தாள், ஆனாலும் அனுப்பினாள்.

மிதந்து வரும் கட்டைகளை அள்ளுவதற்கு வைத்திருந்த தட்டைப் படகு அது. அணைக்கட்டு ஓவசியரிடம் கேட்டு வாங்கியிருந்தான். நீண்ட கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டே, "தங்கச்சி..." என்று ஆரம்பிப்பான். பிறகு ஏதாவது கொக்கைக் காட்டுவான்.

மேலே போகப் போக, ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் திட்டுத் திட்டாகக் கிடந்தது. நடுவே நாணல். தண்ணீர் மூன்று நான்கு நீர்க்கால்களாகப் பிரிந்து வந்தது. ஒன்றுக்குள் போனோம், சேற்றில் முட்டியது. பின்னால் தள்ளி அடுத்ததற்குள் போனோம். அதுவும் முட்டியது. மலையிலிருந்து மேகம் இறங்க ஆரம்பித்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, திரும்பிடலாம். கடைசி பஸ் போயிரும்."

"இன்னும் கொஞ்சந்தான்."

"எத்தன கொஞ்சம்? நீ என்னதான் தேடுற?"

கம்பைச் சேற்றில் ஊன்றி நிறுத்தினான். "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். போன மாசம் பதிவு பண்ணியாச்சு. அந்தக் கரையில இருக்கிற சிங்களப் பொண்ணு."

நான் எழுந்துவிட்டேன். படகு சாய்ந்து, உள்ளே வந்த தண்ணீர் சேலையை நனைத்தது. சிங்களக் கும்பல்கள் தமிழர்களைத் தாக்கிய கலவரம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அம்மா நெனப்பே வரலையா ஒனக்கு?"

"வந்ததாலதான் ஒன்னக் கூட்டிட்டு வந்தேன். நீதான் அம்மாகிட்ட சொல்லணும்."

மூன்றாவது கால் அகன்று ஒரு கரையில் கொண்டுபோய் விட்டது. வண்டலில் போட்டிருந்த பாத்தியில் என் வயதுப் பெண் ஒருத்தி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தங்கையை அழைப்பதுபோல, "நங்கி, தண்ணி குளுரு. மேல வாங்க" என்று கையை நீட்டினாள். நான் தயங்கினேன். படகு ஆடியது, பிடித்துக்கொண்டேன். அவள் கைச்சேறு என் கையிலும் ஒட்டியது.

அவள் வீட்டில் தேநீரை நின்றுகொண்டே குடித்தேன். "அம்மா கோபமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்குச் சிங்களம் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தமிழில் சொன்னேன்.

கடைசி பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தேன். மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய அம்மாவிடம் சொன்னேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். எட்டு மாதம் அவன் பேச்சையே எடுக்கவில்லை. சேதி பரவியதும் பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்னிடம் துருவித் துருவிக் கேட்டார்கள்.

தீபாவளியன்று இருவரும் வந்து வாசலில் நின்றார்கள். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். பிறகு, "லயமே பாக்குது. உள்ள வாங்க" என்றாள்.

ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். சோறு போட்டாள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான்தான் உட்காராமல் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.