ஓசை அடங்கியதும் விரலைத் தூக்குங்கள்

மன அமைதியை விற்கிற தொழிலில் முதலில் போவது விற்கிறவனுடைய அமைதிதான். யோகா, தியானம், சிரிப்புப் பயிற்சி என்று ஏதாவது ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி வாசலில் கேட் பாஸுக்காகக் காத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரிந்ததுதான். என் பையில் இருப்பது ஏழு வெண்கலக் கிண்ணங்கள். கட்டையால் தட்டினால் நீளமாக ரீங்கரிக்கும். சர்ச்சில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன், பதினைந்து நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், உடனே ஒலி சிகிச்சையாளன் ஆகிவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வாரம் மூன்று நாள் வேலை.

முதல் வகுப்பு

கேன்டீனுக்கு மேலே இருந்த ஹாலில் பாய் விரித்துப் பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்தேன். எல்லோரும் ஹேமர் ஷாப் ஆட்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சம்மட்டி அடித்து வடிவமாக்கும் இடம் அது. அடி விழும்போது ஹாலின் ஜன்னல் கண்ணாடியே அதிரும். அங்கே எட்டு மணி நேரம் நின்றுவிட்டு என்னிடம் அரை மணி நேரம் அமைதி பெற வந்திருந்தார்கள்.

கிண்ணத்தைத் தட்டி, "ஓசை முழுதும் அடங்கியதும் விரலைத் தூக்குங்கள்" என்றேன். அது கவனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி. ஒரு விரலும் எழவில்லை. பத்துப் பேர் குறட்டை. மனம் விட்டுப்போய் ஒருவரைத் தட்டி எழுப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க இன்னா வேணா அடிங்க சார். மேல பேன் மட்டும் நிக்காம பாத்துக்கங்க."

கேன்டீன் அக்கா

பக்கத்து ஆரணியிலிருந்து வரும் ராணியக்கா கேன்டீனில் சாம்பார் பொறுப்பு. ஒருநாள் டீ கொண்டுவந்தவர், கதவோரம் நின்று முழு வகுப்பையும் பார்த்தார். முடிந்ததும் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அடி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு மிகுந்த மரியாதையோடு கீழே வைத்தார்.

"நாங்களுந்தான் காத்தால இருந்து பாத்திரத்த தட்டினே கீறோம். ஒருத்தருக்கும் நிம்மதி வர்ல சார்."

ஏகாம்பரம்

என் வகுப்பில் ஒரே ஒரு ஆள் தூங்க மாட்டார். இரண்டாம் வாரம் வந்து சேர்ந்த கவரைப்பேட்டை ஏகாம்பரம். பத்தொன்பது வருடமாக ஹேமரில் நிற்கிறார், இன்னும் கான்ட்ராக்ட்தான். பெண் திருவள்ளூரில் நர்ஸிங் இரண்டாம் வருடம். அவள் படித்து முடிக்கும்வரை இந்த வேலை நிலைக்க வேண்டும், அதற்குமேல் எது போனாலும் பரவாயில்லை என்பார். பேசும்போது முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். மரியாதை தெரிந்த மனிதர் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓசை அடங்கும் அந்தக் கணத்தில் அவர் விரல் எழும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எனக்கே கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் அவர் விரல் நிற்கும். "கண்ணை மூடுங்க ஏகாம்பரம், அரைக்கண்ணால என்ன பார்வை?" என்று கேலி செய்வேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பெருமை அவர்தான். எப்படி இவ்வளவு சரியாக வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "பழக்கந்தான் சார்."

எச்.ஆர். தம்பி

ஹேமர் ஷாப் ஆட்கள் காதில் எண்ணெய் துடைக்கும் பஞ்சைக் கிள்ளி அடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். நல்ல காதடைப்பான்கள் ஸ்டோரில் பெட்டியோடு இருக்கின்றன, ஆடிட் வரும் நாளில் வெளியே வரும், மறுநாள் உள்ளே போகும். எச்.ஆர். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். நல்ல பையன், நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம் என்றும், காது மந்தமானவர்களை இனி ஹேமரில் வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னான். என் விரல் பயிற்சி பிரமாதமாம், யார் சரியாகத் தூக்குகிறார்கள் என்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டான். நான் எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் ஏகாம்பரம். அவருக்கு நல்லது செய்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன். காதடைப்பான் விஷயம் என்ன ஆயிற்று என்றதற்குத்தான் இந்தப் பதில்: "சத்தத்தைக் குறைக்கிறது ப்ரொடக்‌ஷன் வேலை சார். சத்தத்தால வர்ற டென்ஷனைக் குறைக்கிறதுதான் உங்க வேலை."

கறுப்புப் பட்டை

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் எச்.ஆர். தம்பியோடு வகுப்பைப் பார்க்க வந்தார்கள். ஆசை யாரை விட்டது? கண்ணுக்குக் கட்டும் கறுப்புப் பட்டைகள் புதிதாக வாங்கினேன். ஏகாம்பரத்தை முன்வரிசையில் நடுவே படுக்க வைத்து நானே கட்டப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு மட்டும் வேணாம் சார்" என்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே கட்டிவிட்டேன்.

கிண்ணத்தைத் தட்டினேன். ஓசை அடங்கியது. மற்றவர்களில் பாதிப் பேர் விரல் தூக்கினார்கள். அவர் தூக்கவில்லை. பெரிய கிண்ணத்தை எடுத்து அவர் தலைமாட்டிலேயே தட்டினேன். அசைவில்லை. பட்டைக்குக் கீழே அவர் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. மூன்றாவது முறை கட்டையை ஓங்கினேன், இன்னும் அடிக்கவில்லை. ஏகாம்பரம் விரலைத் தூக்கிவிட்டார்.

ஓங்கிய கட்டையை மெல்ல இறக்கினேன். எச்.ஆர். தம்பி தாளில் ஏதோ குறித்துக்கொண்டு என் தோளைத் தட்டினான். "டாக்டர் இல்லாமலே கண்டுபிடிச்சிட்டீங்களே சார்!"

கவரைப்பேட்டை ஸ்டேஷன்

நான்கு மாதம் கழித்து பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். செங்கல் சூளையில் லோடு ஏற்றுவதாகச் சொன்னார். பெண் படிப்பை விட்டுவிட்டு ஒரு கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறாள். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது, அவர் திரும்பவில்லை. நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

அவருக்கு என்மேல் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "கிண்ணம் அடங்குனா நீங்க தோள எறக்கி ஒரு மூச்சு உடுவீங்க சார். அத்த பாத்துதான் இத்தினி நாளு வெரல தூக்கினு இருந்தேன். அன்னிக்கி கண்ண கட்டிட்டீங்களே."

சான்றிதழில் இல்லாத ஒரு வித்தையை அதற்குப் பிறகு நானே கற்றுக்கொண்டேன், சக பாவிகளே: எந்தக் கம்பெனியிலும் யார் கண்ணையும் கட்டுவதில்லை, ஓசை அடங்கியதும் கடைசி வரிசைக்கும் தெரியும்படி தோளை இறக்கி ஒரு பெரிய மூச்சு விடுகிறேன்.