முயலுக்குக் காற்று கேட்ட பெருமாயி

பெருமாயிக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்தேழு. வாயும் ஒரே மாதிரிதான். அதனால்தான் பத்து வருடமாக உங்களுக்குள் ஒத்துப்போகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

வியாழக்கிழமைதோறும் மன்னவனூரிலிருந்து முதல் பஸ்ஸில் இரண்டு சாக்கு காரட்டோடு வருவாள். ஒரு சாக்கைக் கொடைக்கானல் மார்க்கெட்டில் போட்டுவிட்டு, மற்றதைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாக விற்பாள். காரட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. "பொண்ணு பாக்க வந்தியா, காரட்டு வாங்க வந்தியா?" என்று கேட்டுவிடுவாள். புருஷன் நாச்சிமுத்து லாரிக்குக் கிழங்கு மூட்டை ஏற்றியே முதுகைக் கெடுத்துக்கொண்டவர். மகள் சுகன்யாவைத் திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். குத்தகைக்கு எடுத்த கால் ஏக்கரில் அவளே களையெடுத்து, அவளே பிடுங்கி, ஓடையில் அவளே கழுவி, அவளே சுமந்துகொண்டு வருகிறாள். இவ்வளவுதான் எனக்கு அவளைப் பற்றித் தெரியும். பத்து வருடம் பழகியவளைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்பது இந்த மார்கழியில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள் உண்டு. ஒன்பதாவது படிக்கிற என் மகள் ஸைமாவுடையவை. வெள்ளைக்குப் பெயர் சோன்பப்டி, கூப்பிடுவது சோன். கறுப்பு மிளகு. பெயர்களை முதல் தடவை கேட்டதும் பெருமாயி, "பூராவும் திங்கிற பேரா வச்சிருக்கீக. எப்ப கறி?" என்றாள். ஸைமா இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பெருமாயி காரட் தழையைத் தனிக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தாள், முயலுக்கென்று. சமாதானம் என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் யாகூப் பஜாரில் தைலக் கடை வைத்திருக்கிறார். யூகலிப்டஸ் தைலம் பெரிய கேனில் வரும். அதைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, மூடி திருகி, லேபிள் ஒட்டுவது என் வேலை. அதை வீட்டுப் பின்னறையில் வைத்துத்தான் செய்வேன். எங்கள் வீட்டில் தும்மினாலும் தைலம், தலை வலித்தாலும் தைலம், கால் சுளுக்கினாலும் தைலம். தைலத்தால் கெடுதல் வரும் என்று எங்களிடம் சொன்னால், சோற்றால் கெடுதல் வரும் என்று சொன்ன மாதிரி.

முயல்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில்தான் இருந்தன. டிசம்பரில் புல்மேல் உறைபனி விழ ஆரம்பித்ததும் ஸைமா அழுதாள். எனக்கும் பாவமாக இருந்தது. கூண்டைத் தூக்கித் தைல அறைக்குள் வைத்தேன். வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதான். ஜன்னல் சந்துகளில் சாக்கைச் சுருட்டி அடைத்தேன். சாயங்காலமானால் ஒரு சட்டியில் கரிக்கங்கு போட்டு மூலையில் வைத்தேன். காலையில் கூண்டுக்கு அடியில் பினாயில் ஊற்றித் துடைத்தேன். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கச் சாம்பிராணி போடும்போது அந்த அறையையும் விடவில்லை. முயலுக்கு இத்தனை செய்கிறவள் இந்த ஊரில் வேறு யார் என்று ஒரு பெருமை வேறு.

பத்தாம் நாள் சோன் தும்ம ஆரம்பித்தது. மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் முடியெல்லாம் ஈரமாக ஒட்டிக்கொண்டது. "சளி பிடிச்சிருக்கு, தைலம் போடு" என்றார் இவர். துணியில் நாலு சொட்டு விட்டுக் கூண்டுக் கம்பியில் கட்டினேன். மறுநாள் தும்மல் கூடியது. நானும் சொட்டைக் கூட்டினேன்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். ஊசி போட்டார். "வீட்ல புகை ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கேஸ் அடுப்புதான்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கங்கில் புகை வராது. புகைந்தால் அது சரியாகப் பிடிக்கவில்லை என்று வெளியே எடுத்து வைத்துவிடுவோம். சாம்பிராணியை நான் புகை என்று நினைத்ததே இல்லை, அது வாசனை. தைலம் மருந்து. பினாயில் சுத்தம். இவற்றில் ஒன்றைக்கூட டாக்டரிடம் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, மறுபடியும் எல்லாவற்றையும் செய்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பெருமாயி வந்து வாசலில் குரல் கொடுத்தாள். "பாயம்மா, தழையைப் பிடி."

"வேண்டாம் பெருமாயி. சோன் நேத்துல இருந்து எதையும் திங்கல. மூலையில சுருண்டு கெடக்கு."

சாக்கை வாசற்படியில் இறக்கினாள். "எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தைல அறை வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினாள். பிறகு உள்ளே போய், சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டாள். கூண்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அவ்வளவுக்குத் தலையைத் தாழ்த்தி, மூக்கைக் கம்பியோடு ஒட்டி, மூச்சை இழுத்தாள். இருமிக்கொண்டே எழுந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இங்க வா. குனி."

"எனக்கெதுக்கு?"

"குனின்னா குனியேன். நின்னுக்கிட்டு மோந்தா ஒனக்குத் தைல வாசம்தான் வரும். அது படுத்துக் கெடக்கிற ஒசரத்துல மோந்து பாரு."

குனிந்தேன். முயல் மூத்திரத்தின் நெடி மேலே தெரியாமல் தரையோடு தேங்கி நின்றது. அதோடு பினாயில், அதோடு தைலம், அதோடு கரி. இரண்டு மூச்சு இழுத்தேன். மூன்றாவது மூச்சு நெஞ்சுக்குள் போகவில்லை. நானும் அதே அறையில் வேலை செய்கிறவள்தான். ஆனால் நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டில் நிரப்புவேன். வேலை முடிந்ததும் முயல்களை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன்.

தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க தைலத்தையா குத்தம் சொல்ற? ஊரே வாங்கித் தேய்க்குது."

"ஊரு தேச்சுட்டு எந்திரிச்சு வெளிய போகுது. இது எங்க போகும்? கதவைத் தொறக்க இதுக்குக் கையா இருக்கு?"

"காரட்டு விக்க வந்தா காரட்டை வித்துட்டுப் போ. எனக்குப் பாடம் எடுக்காத."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்போது வருசம் ஒரு முயல் பண்ணையில கூலிக்குக் கெடந்தவ நான்" என்றாள். "ஒனக்கு ரெண்டு. எனக்குக் கொட்டாய் நெறைய. ஒரு ஆடி மாசம் சாரல் விடவே இல்ல. மொதலாளி ஊர்ல இல்ல. குட்டிக நனையுதேன்னு நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுனேன். யாரும் சொல்லல, நானாத்தான். மூணு நாளு தொறக்கல. நாலாம் நாளு தொறந்தேன்." கையால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். "எம்புட்டுப் போச்சுன்னு கேக்காத. மூத்திர நெடியிலேயே போச்சுக. மொதலாளி ஒத்த வார்த்தை என்னையக் கேக்கல. ஆனா முடிச்சுப் போட்டது இந்தக் கைதான? அதுல இருந்து வெள்ளனே போனதும் எனக்கு மொதச் சோலி இதுதான். முட்டி போட்டு மோந்து பாக்கிறது. என் கண்ணு எரிஞ்சா தொறந்து விட்ருவேன்."

நான் எழுந்துபோய் ஜன்னலில் அடைத்த சாக்கைப் பிடுங்கினேன். பிடுங்கின பிறகு எனக்கு இன்னொரு பயம். "குளிருமே பெருமாயி?"

"அதுக்கு மேல பூராவும் கம்பளி போத்தித்தான் அல்லா அனுப்பியிருக்கான். ஒனக்குத்தான் போத்தல. ஈரமும் மூஞ்சிக்கு நேரா அடிக்கிற காத்தும் இல்லாமப் பாத்துக்க, போதும்."

அதற்குப் பிறகு அவள் சொன்னாள், நான் செய்தேன். கூண்டைத் தாழ்வாரத்துக்குத் தூக்கினோம். மூன்று பக்கம் பலகை வைத்து, காற்று நேராக அடிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து விட்டோம். வைக்கோலைக் கெட்டியாகப் பரப்பினோம். சளி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மிளகை வேறு பெட்டியில் பிரித்து வைத்தோம். தைலத் துணியை அவளே கழற்றித் தெருக்குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். சோன் அப்படியேதான் கிடந்தது. தழையை மூக்கருகே காட்டினால் முகத்தைத் திருப்பியது.

"காத்து குடுத்தாச்சு. மருந்து என் கையில இல்ல" என்றாள் பெருமாயி. "டாக்டர்கிட்ட வெரசா கெளம்பு. போயி, செஞ்சதை ஒண்ணு விடாம ஒளறு."

"நீயும் வா."

"எனக்கு மத்தியான பஸ்ஸு."

சொன்னாளே தவிர, சோனைக் கூடையில் எடுத்து வைத்து, என் சால்வையைச் சுற்றி, எனக்கு முன்னால் நடந்தவள் அவள்தான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இதைத்தானேம்மா அன்னைக்கு நான் கேட்டேன்?"

"நீங்க புகைன்னு கேட்டீங்க சார்."

"நல்லாக் கேட்டீக போங்க" என்று பெருமாயி குறுக்கே வந்தாள். "கங்கு, சாம்பிராணி, தைலம், பினாயிலுன்னு பேரு சொல்லிக் கேட்டிருக்கணும். அப்பத்தான் இவ மண்டையில ஏறும்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்துச் சொன்னதைச் சிரிக்காமல் சொன்னார். நெடி பட்டுப் பட்டு மூக்கும் மூச்சுக்குழாயும் புண்ணாகி, அதன்மேல் கிருமி தொற்றியிருக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறது. முயலுக்குத் தீனி நின்றால் குடலும் நின்றுவிடும், பயம் அதில்தான். நாளைக் காலைக்குள் புழுக்கை போடவேண்டும். கிளம்பும்போது, "அந்தக் கங்குச் சட்டியை நீங்க படுக்கிற ரூம்லயும் வச்சிராதீங்க. புகையே தெரியாது, தூக்கத்துலயே ஆளைச் சாய்ச்சிரும்" என்றார். ஸைமாவின் அறையிலும் ஒரு சட்டி வைக்கலாம் என்று அந்த வாரம்தான் நினைத்திருந்தேன். வைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்ததும் சோனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சை வாயின் ஓரத்தில் நுழைத்து, டாக்டர் கொடுத்த மாவுக் கரைசலைத் துளித் துளியாக எப்படி விடுவது என்று பெருமாயி காட்டினாள். காரட் பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்களில் அவ்வளவு மென்மை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஸைமா பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செத்துருமா அக்கா?"

"தெரியாது" என்றாள் பெருமாயி. "வாயைத் தொறக்குதுல்ல? ஊட்டு."

மத்தியான பஸ் எப்போதோ போயிருந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் அவள் ஒரு காரட்கூட விற்கவில்லை. சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

இவர் கடையிலிருந்து வந்ததும் நான் ஆரம்பித்தேன். தைல அறைக் கதவு தாழ்வாரத்தில்தான் திறக்கும். கேன்கள் அங்கே இருக்கக்கூடாது.

"புது வருசக் கூட்டம் வர்ற நேரம் ஷம்ஷாத். பாட்டிலை எங்க கொண்டு போறது?"

"கடை மாடிக்கு."

"மாடிக்குக் கேனை யாரு சுமக்கிறது?"

"ஒருத்தி மன்னவனூருல இருந்து சாக்கைச் சுமந்துட்டு வர்றா. நீங்க பன்னெண்டு படி ஏறமாட்டீங்களா?"

தாழ்வாரத்துக்குப் போனார். ஸைமா சோனை மடியில் வைத்துக்கொண்டு சிரிஞ்சோடு உட்கார்ந்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து முதல் கேனைத் தூக்கினார்.

விடிந்ததும் ஸைமா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எட்டிப்பார்த்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். வைக்கோல்மேல் புழுக்கை கிடந்தது. சோன் மூலையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்து, ஒரு காரட் தழையின் நுனியைப் பிடித்து மென்றுகொண்டிருந்தது. நுனிதான். ஆனால் மென்றது. முப்பது வருடமாக வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவள் நான். ஒரு புழுக்கையைப் பார்த்து அல்லாவுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

பெருமாயிக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை பூம்பாறைக்குப் பூண்டு வேலைக்குப் போவாள். பஸ் சத்தம் கேட்டது.

"போட்டிருச்சு பெருமாயி!"

"கத்தாத, பஸ்ஸுல இருக்கேன். என்னத்தைப் போட்டுச்சு?"

"புழுக்கை!"

"உருண்டையா, கொழகொழன்னா?" என்று கேட்டாள்.

"உருண்டைதான். சின்னது, ஆனா உருண்டை. தழையும் கடிக்குது."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ ஒரு ஆம்பளைக் குரல், "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றது.

"முயலு புழுக்கை போட்டிருச்சுய்யா."

பஸ்ஸே சிரித்தது. "என்னலே இளிப்பு? ஒனக்கு ரெண்டு நாளு போகாம இருந்து பாரு, அப்பத் தெரியும்" என்று அவள் போட்ட போட்டில் சிரிப்பு இன்னும் கூடியது.

"பெருமாயி, நேத்து நான் பேசினது தப்பு. நீ மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தேன். அழுதுவிட்டேன்.

"அழுவாத. நீ அழுதா முயலுக்கா புரியப்போகுது? ஈர வைக்கோலை மாத்துனியா?"

"இன்னும் இல்ல."

"பெறகு என்னத்துக்குப் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? போ."

போ என்றாளே தவிர வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்த ஆளை அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே. ஏதோ ஒரு வளைவில் சிக்னல் போகும்வரை அதைக் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றேன்.