என் இடது காலுக்குக் கீழே

பேய் பிசாசில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. விழுப்புரத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவன், விற்காத புத்தகங்களை எல்லாம் நானே படித்துத் தீர்த்தவன், முனி அடித்தது மோகினி பிடித்தது என்று யாராவது ஆரம்பித்தால் "மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறவன். இதைப் படித்துவிட்டு நீங்களும் என்னை அதே கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அன்று மதியம் திண்டிவனத்தில் நான் சாப்பிட்டது தயிர்சாதம். அதன்மேல் பழிபோட வழியில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. கடை விழுப்புரத்தில், கிளை திண்டிவனத்தில், வாரம் மூன்று நாள் போய்வர வேண்டும். ஓட்டுவதற்கு ஏழுமலை. பனமலைப் பக்கத்துக்காரர், என் வயதுதான். அப்போது நான் 'அவன்' என்றுதான் சொல்வேன், 'அவர்' வந்ததெல்லாம் பிற்பாடு. அவர் கியர் மாற்றுவது பின்சீட்டில் தூங்குகிறவனுக்குத் தெரியாது. நானும் அரைகுறையாகக் கற்றிருந்தேன். ஒழுங்காகக் கற்காமல் வண்டியைத் தொடக்கூடாது என்பது மச்சானின் உத்தரவு. எனவே கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஏழுமலையைத் தள்ளி உட்காரச் சொல்லி நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பேன், விக்கிரவாண்டி வந்ததும் யோக்கியனாகப் பின்சீட்டுக்குப் போய்விடுவேன்.

ஏழுமலை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"சார், கிளட்சு மேல கால வச்சிக்கினே ஓட்டாதீங்க. கியர் போட்டதும் கால எடுத்து ஓரமா வையிங்க."

"சும்மாதானே வச்சிருக்கேன், மிதிக்கலையே."

"சும்மா வச்சாலும் அதுக்குத் தெரியும் சார். மேல ஆளு ஏறி நிக்கறாப்பல. தேஞ்சி பூடும்."

நான் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி மிதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டுமே என்ற பயம். அதை ஒரு ஸ்டைல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பங்குனி மாதம். மயிலம் பக்கத்து ஏற்றத்தில் என்ஜின் கத்துகிறதே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை, முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். மறுநாள் கபூர் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மச்சானும் கூட வந்தார். பாய் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். கிளட்ச் நல்லபடியாக இருந்தால் அந்த நொடியில் என்ஜின் திணறி நின்றுபோக வேண்டுமாம். எங்கள் என்ஜின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"நழுவுது சார். பிளேட்டு காலி." சாயங்காலம் கழற்றிக் காட்டினார். ரிவெட் தலைகள் வெளியே தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. "போட்டு எட்டு மாசம்கூட ஆவல. யாரோ மேல கால வச்சிக்கினே ஓட்டிக்கீறாங்க. பேஜாரு புடிச்ச பழக்கம். ஏழுமல, எடது செருப்பக் கழட்டு."

இது பாயின் வழக்கம். கிளட்ச் மிதியின் ரப்பரில் ஐந்து வரம்பு உண்டு. எந்நேரமும் அதன்மேல் கால் வைக்கிறவனின் இடது செருப்பில் அந்த ஐந்து கோடும் அச்சாக விழுந்திருக்கும். ஏழுமலையின் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை.

"இவன் இல்லியே" என்று தலையைச் சொறிந்தார்.

"அப்ப யாரு மாப்ள?" என்று மச்சான் என்னைப் பார்த்தார்.

என் இடது செருப்பில் ஐந்து கோடும் இருந்தன. முந்தின வாரம்தான் கடை வாசலில் கழற்றும்போது கவனித்து, இதென்ன புது டிசைன் என்று வியந்திருந்தேன். முதலாளியைப் பார்த்துச் செருப்பைக் கழற்று என்று சொல்ல பாய்க்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வந்தது.

"அது புதுச் செருப்பு மச்சான். போன வாரம்தான் வாங்கினான். அதான் கோடு விழல."

அந்தச் செருப்பை நானேதான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். ஏழுமலை என்னைப் பார்த்தார். எதிர்வெயிலில் ஓட்டும்போது கண்ணைச் சுருக்குவாரே, அந்த மாதிரி. பிறகு செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டே, "ஆமாங்க. போன வாரந்தான்" என்றார்.

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டால் நான் தனியாக மச்சானிடம் சரிசெய்துவிடுவேன் என்று நம்பியிருக்கிறார். அன்று மாலையே மச்சான் அவரை நிறுத்திவிட்டார். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

சின்ன ஊரில் கிளட்ச் எரித்த டிரைவர் என்று பேர் விழுந்தால் சாவியை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். பத்து நாள் கழித்து ஏழுமலை கடைக்கு வந்தார்.

"ரைஸ் மில்லுக்காரு டிரைவர் கேக்கறாரு சார். ஒங்க மச்சானண்ட விசாரிச்சிக்கீறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

"சொல்றேன் ஏழுமல. அடுத்த வாரம்."

அடுத்த வாரம் அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். எத்தனையோ பெரிய புத்தகங்கள் படித்தவன் நான். பின்வாசல் வழியாகப் போவதற்கு அவற்றில் ஒன்றுகூடக் குறுக்கே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது அந்த மதியம். கத்திரி வெயில், நல்ல பகல், கூட்டேரிப்பட்டு தாண்டி நான் தனியாக ஓட்டி வந்துகொண்டிருந்தேன். டிரைவர் இல்லாததால் மச்சானே என்னை ஓட்டச் சொல்லிவிட்டார், பாருங்கள் விதியை. கியர் மாற்றிவிட்டு வழக்கம்போல இடது காலைக் கிளட்ச்மேல் வைத்தேன்.

நம்பினால் நம்புங்கள். என் செருப்புக்கும் மிதிக்கும் நடுவில் ஒரு கால் இருந்தது.

நெரிசலான பஸ்ஸில் தெரியாமல் யார் பாதத்தையாவது மிதித்துவிட்டால் செருப்பின் வழியாகவே ஒரு மெத்தென்ற சூடு தெரியுமே, அதுதான். எலும்பு தட்டுப்பட்டது, அதன்மேல் சதை லேசாக நகர்ந்தது. குனிந்து பார்த்தேன், என் செருப்பும் மிதியும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் கால் பட்டுவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. யார்மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, என் கை தானாகக் கீழே போய்க் காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஏழுமலை என்னிடம் வேலை பார்த்த நான்கு வருஷத்தில் எத்தனையோ முறை என் கால் அவர்மேல் பட்டிருக்கும். ஒருமுறைகூட நான் அப்படிச் செய்ததில்லை.

காலை எடுத்து ஓரமாக வைத்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக. விக்கிரவாண்டியில் பிரேக் போட வேண்டி வந்தது, வேறு வழியில்லாமல் கிளட்சை மிதித்தேன். அந்தக் கால் அங்கேயே இருந்தது. என் முழுக் கனத்தையும் வாங்கிக்கொண்டு மிதியோடு சேர்ந்து கீழே போய் மேலே வந்தது. ஊர் வந்து சேருவதற்குள் இருபது தடவையாவது அதை மிதித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கடை வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, நம்ம ஏழுமல மேல லாரி பின்னால வந்து ஏறிடிச்சாம், மார்க்கெட்ல. எடது கால். இப்பதான், ஒரு மணி நேரம் ஆச்சி."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் கூட்டேரிப்பட்டில் இருந்தேன். நிமிஷக் கணக்கெல்லாம் சத்தியம் செய்ய முடியாது. அந்தக் காரின் கடிகாரம் வாங்கும்போதே பத்து பத்தில் நின்றிருந்தது.

கணுக்காலுக்கு மேலே வெட்டிக் காலை எடுத்துவிட்டார்கள். அன்றே மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ரைஸ் மில் முதலாளி வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர், "இப்ப சொல்லி இன்னாங்க பண்றது?" என்றார். ஆஸ்பத்திரியில் ஏழுமலையிடமும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வண்டி எப்பிடி சார் ஓடுது? கிளட்சு புடிக்குதா?"

மச்சானும் நானும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு அருகில் அவருக்கு ஒரு சைக்கிள் ஸ்டாண்டு வைத்துக் கொடுத்தோம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. மாதம் ஒருமுறை போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். இல்லாத கால் வலிக்கிறது என்பார். நரம்பு செய்கிற வேலை, வெட்டிய உறுப்பு வலிப்பது சகஜம் என்று டாக்டரும் சொன்னார், நானும் படித்திருக்கிறேன்.

"எப்பிடி வலிக்குது?"

"மேல ஆளு ஏறி நிக்கறாப்பல சார். நேத்து பத்து மணிக்கா ஆரம்பிச்சி ஒரு மணி நேரம். அப்பறம் சாயங்காலம் ஒரு மணி நேரம்."

நேற்று நான் திண்டிவனம் போயிருந்தேன். பத்து மணிக்குப் புறப்பட்டேன், சாயங்காலம் திரும்பினேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பழக்கத்தை விட எவ்வளவோ முயன்றேன், ஐந்து நிமிஷம் அசந்தால் என் இடது கால் அதுவாகவே மிதியைத் தேடிப் போய்விடும்.

மூன்று வருஷம் கழித்து வேறு ஏதோ ரிப்பேருக்காகக் கபூர் பாய் கியர்பாக்ஸை இறக்கியவர், அன்று புதிதாக மாட்டிய கிளட்ச் பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சார், புதுசு மாதிரி கீது! ஒங்க கால் திருந்திடிச்சி!" என்று சிரித்தார். நான் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை.

அந்த வாரமே மச்சானைச் சம்மதிக்க வைத்துக் காரை விற்றேன். ஒரு தரகர் மூலமாகப் போனது, வாங்கினவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. இரண்டு மாதம் கழித்து, இப்போதாவது விட்டிருக்குமே என்ற ஆசையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன்.

"வலி எப்பிடி இருக்கு ஏழுமல?"

"கீது சார்" என்றார், யாருடைய சைக்கிளுக்கோ டோக்கனை மாட்டிக்கொண்டே. "இப்ப வேற ஆளு. ஒங்க காலு லேசு சார், இந்த ஆளு கனம்."

இன்றைக்கும் சாலையில் பழைய கறுப்புக் கார் எதிரே வந்தால் ஓட்டுகிறவரின் இடது காலைப் பார்க்க முயல்கிறேன். கதவு மறைத்துவிடுகிறது.