கட்டுநாயக்காவிலிருந்து அக்கா வீட்டுக்கு

லண்டனில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். இரண்டு தட்டு பஸ். குட்மேய்ஸ், செவன் கிங்ஸ் பக்கத்தில் என் பஸ்ஸில் ஏறாத தமிழ்ச் சனம் குறைவு. மழையில் நனைந்தவர், குடிவெறியில் ஏறியவர், அரிசி மூட்டையோடு வந்து அதற்கும் டிக்கெட்டா என்று கேட்டவர், எல்லாரையும் அவரவர் தரிப்பிடத்தில் பத்திரமாக இறக்கிவிட்டவன் நான். அப்படிப்பட்ட நான் போன கோடை முழுவதும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எதில் போவது என்று தெரியாமல் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நீரிழிவு. இடது கண் முன்னமே போய்விட்டது, வலது கண் கொஞ்ச மாதம்தான் தாங்கும், எத்தனை என்று தன்னால் சொல்ல ஏலாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதை ஊர்ப் புதினம் சொல்கிற குரலில்தான் போனில் சொன்னாள்.

"ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போவன்ரா."

"வீடியோவிலை பாக்கிறாய்தானே."

"அது கிணத்துக்கை எட்டிப் பாக்கிற மாதிரிக் கிடக்கு. ஆர் எண்டே தெரியேல்லை. நீ தலையிலை மயிர் கொட்டிட்டுது எண்டு சொல்லுறாய். அதையெண்டாலும் நேரிலை பாப்பம்."

முப்பத்திரண்டு வருடமாக நான் ஊருக்குப் போகவில்லை. முதலில் அசைலம் கேஸ், பிறகு சண்டை, பிறகு மோர்ட்கேஜ், பிறகு கொரோனா. ஒன்று முடிய ஒன்று எனக்குக் கைகொடுத்தது. இந்த முறை சாட்டு ஒன்றும் மிச்சமில்லை. "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டேன்.

என் மனுசியிடம், "எதிலை போறதெண்டு முதலிலை வடிவா யோசிக்கவேணும்" என்றேன்.

"பிளேனிலை போறது. நீந்தியே போகப்போறியள்?"

"நான் அங்கை இறங்கினாப் பிறகு போறதைச் சொல்லுறன்."

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். வான் என்றால் நேரே அக்காவின் கேற்றடியில் இறங்கலாம், ஆனால் எட்டு மணித்தியாலம் முன்பின் தெரியாத டிரைவரை நம்பி இருக்கவேண்டும். றெயின் மலிவு, சீற் கிடைக்கவேண்டும். பஸ்ஸைப் பற்றி எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். நானே ஒரு காரை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் என்ன என்று லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் கேட்டேன். மனுசியின் தம்பி. ஜெர்மனியிலிருந்து வந்தவன், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு ஆள் இருக்கும்.

"அத்தான், விசர்க் கதை கதையாதேங்கோ. அங்கை பஸ்காரங்கள் றோட்டைத் தகப்பன் எழுதிக் குடுத்த காணி மாதிரி ஓட்டுவாங்கள்."

"நானும் பஸ்காரன்தானேடா."

"நீங்கள் மஞ்சள் லைற்றுக்கே நிக்கிற பஸ்காரன். என்ரை ஆள் ஒருத்தன் வான் வைச்சிருக்கிறான். தங்கமான பெடியன். சொல்லிவிடட்டோ?"

"ஓம்" என்றேன்.

மறுநாள் செவன் கிங்ஸ் அண்ணையைச் சந்தித்தேன். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் நான் வந்து இறங்கியபோது தன் அறையில் படுக்க இடம் தந்தவர். அவருக்கும் ஒரு வான்காரர் இருந்தார், அவருடைய பெறாமகன், தமையனின் மகன். "வேறை ஆரின்ரையும் வானிலை போனியெண்டா எனக்கு மரியாதையில்லை" என்றார். அவருக்கும் "ஓம்" என்றேன்.

எங்களுடைய ஆட்களுக்கு இது என்ன வில்லங்கம் என்று விளங்கும். ஊருக்குப் போகிறவன் தன் வசதிக்கு வான் பிடிப்பதில்லை. யாருடைய வானில் ஏறுகிறான் என்பதில்தான் அவன் யாருடைய ஆள் என்பது இருக்கிறது. ஒன்றில் ஏறினால் மற்றவர் அடுத்த கலியாண வீட்டில் முகம் தரமாட்டார். வெள்ளைக்காரன் என்றால் ஒருவருக்கு "மன்னிக்கவேணும்" என்று மெசேஜ் போட்டுவிட்டு நித்திரை கொள்ளுவான். நான் இரண்டு கிழமை இரண்டு பேரின் போனையும் எடுக்காமல் ஒளித்துத் திரிந்தேன்.

பிறகு ஒரு அருமையான வழி கண்டுபிடித்தேன். சென்னைக்குப் போய் அங்கிருந்து நேரே யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பது. கட்டுநாயக்கா இல்லை, வான் இல்லை, இருவருக்கும் மனவருத்தம் இல்லை. மனுசியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "வான்காரரை நோகடிக்காமலிருக்கவோ, அந்த றோட்டாலை போகாமலிருக்கவோ?"

இருபத்தேழு வருடம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினால் இதுதான் வில்லங்கம்.

நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட வருடம் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனேன். மதவாச்சிக்குக் கிட்ட ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நடக்கவிட்டார்கள். எனக்குப் பக்கத்து சீற்றில் என் வயதுப் பெடியன் ஒருவன், கொடிகாமத்திலிருந்து வவுனியாவரை வந்த களைப்போடு, ஏறியதிலிருந்தே என் தோளில் தூங்கிவந்தவன். என்னைப் போகச் சொன்னார்கள். அவனை நிற்கச் சொன்னார்கள். பஸ் வெளிக்கிட்டது. அவனுடைய பை என் காலடியில் இருந்தது. கொண்டக்டர் வந்து அதை எடுத்து யன்னலால் வெளியே போட்டார். அவனுடைய பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வேறொருவர் ஓட்டுகிற வாகனம் நடுவழியில் நின்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வேலைக்கு வந்தேன் போல. இதைப் போய் நான் எப்படி ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் எழுதுவது?

இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் முதல் தரம் தகப்பனார் பிறந்த இடத்தைப் பிழையாக நிரப்பினேன். இரண்டாம் தரம் படம் அளவில் பிழைத்தது. திரும்பத் திரும்பப் பிழைவிட்டபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா போன் எடுத்தால், "விசா இழுபடுது" என்பேன். அவளும், "அவங்களும் பாவம், எத்தினை பேருக்குக் குடுக்கிறது" என்பாள்.

மனுசி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நாலு கிழமை சம்பளமில்லா லீவு கேட்டு வாங்கிவிட்டு ஒருநாள் சொன்னாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் விசா எடுத்துக்கொண்டு ஆறுதலா வாங்கோ. நான் முதலிலை போறன்."

"எந்த வானிலை?"

"ஒருத்தற்றை வானிலையும் இல்லை."

கொழும்பில் ஒரு நாள் தங்கி, அடுத்த நாள் காலை றெயினில் ஏறிப் போனாள். அவள் போய்ச் சேரும்வரை நான் பஸ்ஸை எப்படி ஓட்டினேன் என்று பயணிகளைத்தான் கேட்கவேண்டும். இரண்டு தரிப்பிடத்தில் நிற்பாட்ட மறந்தேன்; மணியை விடாமல் அடித்து என்னை எழுப்பினார்கள். பின்னேரம் போன் வந்தது.

"மதவாச்சியிலை மறிச்சவங்களோ?"

"மதவாச்சியிலை வடை வாங்கினன். நல்ல உறைப்பு."

"செக் பண்ணேல்லையோ?"

"டிக்கெற்றைச் செக் பண்ணினவங்கள். இந்தாங்கோ, மச்சாள் கதைக்கப் போறா."

அக்கா என் மனுசியை முதல்முதலாக நேரில் பார்த்த சந்தோசத்தில் இருந்தாள். வெளிச்சத்தில் நிற்கவைத்துக் கிட்டவாகப் பார்த்தாளாம். "உன்ரை மனுசி நல்ல வடிவடா. உனக்கு இது கூடிப்போச்சு."

என்னுடைய விசா பத்து நாள் கழித்து வந்தது. சென்னைக்கு டிக்கெட் போட்டேன், அடுத்த மாதம் முதற்கிழமைக்கு. அதற்கு முன்பும் சீற் இருந்தது. வேலையில் ஷிப்ட் மாற்ற ஏலாது என்று மனுசிக்குச் சொன்னேன். ஷிப்ட் மாற்றித் தரச்சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை.

டிக்கெட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. பஸ் டிப்போ கன்ரீனில் தேத்தண்ணியோடு இருந்தேன். மனுசி ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள்.

"மச்சாள் காலமை எழும்பி லைற்றைப் போடு எண்டு சொன்னவ," என்றாள். "லைற் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது."

கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டதாம். இனி ஒன்றும் செய்ய ஏலாதாம். அக்கா போனை வாங்கினாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. பயந்தால் இன்னும் கூடும்.

"அக்கா, நான் மொட்டையெண்டு இனி உனக்குத் தெரியவராது," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவள் சிரிக்காமல் விட்டது எனக்குத் தெரிய அதுதான் முதல் தரம்.

"நீ எதிலை வாறதெண்டு முடிவெடுத்திட்டியே?" என்று கேட்டாள்.

"சென்னையாலை, அக்கா. பதினொரு நாளிலை."

"அவசரப்படாதை தம்பி. லீவு கிடைக்கேக்கை வா. எதிலை வசதியோ அதிலை வா. இனி எனக்கு எல்லாம் ஒண்டுதான்."