மூன்றாம் எண் மரம்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பதினேழாவது பிரிவு. வேட்டைக்குச் செயற்கை ஒளியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. 1991-இல் வேட்டையே கூடாது என்று ஆனபோது, விளக்கு வைத்து வேட்டையாடாதே என்று தனியாக வேறு சொல்வானேன் என்று அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் நம் வீட்டுக்குப் பின்னால் எவனோ நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும்போது, "வெளிச்சம்தானே அடிக்கிறான், அதில் என்ன குற்றம்?" என்று கேட்பவரிடம் எடுத்துக்காட்ட அந்த ஒரு வரி இருந்திருக்கலாம்.

அது இல்லாவிட்டாலும் வழி உண்டு. வேட்டை என்றால் என்ன என்று சட்டம் சொல்லும் இடத்தில், பிடிப்பதும் பொறி வைப்பதும் மட்டுமல்ல, அதற்கான முயற்சியும் வேட்டைதான் என்று இருக்கிறது. தேவாங்கு முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் அடுத்தவர் மனுக்களைப் படித்து, "இணைப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான்.

தென்காசிப் பக்கம் வடகரையில் எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து வாய்க்கால்வரை ஒரு வேலி ஓடுகிறது. உடைமரம், வேம்பு, வாகை எல்லாம் கலந்து வளர்ந்த பழைய வேலி. அதற்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி சாயங்காலங்களில் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். டிவி அவளுக்குப் பிடிக்காது. அங்கே உட்கார்ந்துதான் தேவாங்குகளைக் கண்டுபிடித்தாள். ஏழு மணிவாக்கில், வானத்தில் மிச்சமிருக்கிற வெளிச்சத்துக்கு எதிரே, ஒரு கிளை மெதுவாகக் கை நீட்டும். அதுதான் தேவாங்கு. மொத்தம் நான்கு. "நம்ம ஆளுவ வந்தாச்சு" என்பாள். அதன்பிறகுதான் எனக்குக் காபி.

எனக்கு அவளைப் போல இருட்டில் பார்க்க வராது. டார்ச் அடித்துத்தான் பார்ப்பேன். வெளிச்சம் பட்டதும் அது ஓடாது. அப்படியே உறைந்து நம்மையே பார்க்கும். இரண்டு கண்ணும் அடுப்புக் கங்கு போல ஜொலிக்கும்.

"அணைங்க. பாவம், அதுக்குக் கண்ணு கூசுது."

"பதிவு பண்ணணும்லா?" என்பேன். உண்மையிலேயே பதிவு செய்தேன். நோட்டுப் போட்டு, தேதி, நேரம், எந்த மரம், எந்தப் பக்கத்துக் கிளை என்று.

ஜூலையில் சாரல் தொடங்கியபோது அந்த லைட்டுகளும் வந்தன. இரண்டு பேர், ஒரு பைக். வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நெற்றி லைட்டோடு வேலி நெடுகத் தேடிக்கொண்டு நடப்பார்கள். அடர்ந்த வேலி; முதல் வாரம் வெறுங்கையோடுதான் போனார்கள். மந்திரிக்கிறவர்களுக்குத் தேவாங்கு தேவைப்படுகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள்.

தோப்புக்காரர் ராணுவத்திலிருந்து வந்தவர். எல்லாப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே தீர்வுதான்.

"அண்ணாச்சி, கரைப் பாதையில நாலு கட்டு முள்ள வெட்டிப் போடுதேன். நாம ரெண்டு பேரும் கம்போட நிப்போம். ஒரு நாள் போதும்."

"பொதுப்பாதையை அடைச்சா முதல்ல உம்ம மேலதான் கேஸு வரும் வே."

"அப்ப என்ன செய்யணுங்கிய?"

"மனு கொடுப்போம்."

அவர் டீ மாஸ்டரைப் பார்த்தார். "ஏலே, அண்ணாச்சிக்கு இன்னொரு டீ போடு. மனு எழுதி முடிக்க நாளாகும்."

மூன்று நாளில் முடித்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த மனு அது. பொருள், பார்வை, சட்டப் பிரிவு எல்லாம் அதனதன் இடத்தில். இணைப்பு ஒன்று: நோட்டின் நகல். இணைப்பு இரண்டு: இட வரைபடம். பின்வாசல், வேலி, வாய்க்கால் எல்லாம் அளந்து போட்டு, தேவாங்கு தங்கும் மரங்களுக்கு மட்டும் வட்டமிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்தேன். ஸ்கேல் வைத்து வரைந்தது.

என் மனைவி அதைக் கையில் வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"எந்த மரத்துல இருக்குன்னு எதுக்கு எழுதுதிய?"

"ஆதாரம் இல்லாத மனு நிக்காது."

"யாரெல்லாம் பாப்பாவ?"

"சம்பந்தப்பட்ட எல்லாரும்."

சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் அனுப்பினேன். அசல் ஒன்று, நகல் ஆறு. ஒரு அலுவலகத்தில் தூங்கினால் இன்னொன்று தட்டி எழுப்பும் என்பது என் அனுபவம். தென்காசிக்குப் போய் நேரில் கொடுத்தவற்றுக்கு ஒப்புதல் சீட்டும் வாங்கினேன். மற்றவை பதிவுத் தபால்.

பிறகு ஆடிக் காற்றில் வாகை மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. தோப்புக்காரர் அன்றைக்கே ஆள் வைத்து அறுத்து அப்புறப்படுத்தினார். வேலியில் பல் விழுந்தது போல ஒரு சந்து. என் படத்தில் அது மூன்றாம் எண் மரம். திருத்தம் அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், சாரல் குறைந்த நேரம். நானும் அவளும் பின்வாசலில் இருந்தோம். வாய்க்கால் பக்கம் பைக் சத்தம் வந்து நின்றது. லைட் எதுவும் தெரியவில்லை. போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். திடீரென்று ஐந்தாம் எண் வேம்பின் அடியில் வெளிச்சம் எரிந்தது. நேராக மேலே. ஒரு நிமிடம்கூட இருக்காது, அணைந்தது. பிறகு இருட்டில் காலடி. நான்காம் எண் மரத்தடியில் எரிந்தது, அணைந்தது. இடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு மரங்களை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்து வெளிச்சம் எரிந்த இடத்தில் மரமே இல்லை.

அந்தச் சந்தில் நின்று அது மேலே பார்த்தது. வெறும் வானத்தில் சாரல் தூசி பறந்தது. வெளிச்சம் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது, மறுபடி மேலே போனது. காகிதத்தில் மட்டும் நிற்கிற ஒரு மரத்தை அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் வட்டமிட்ட மரம்.

"யாரது? ஏலே, யாரது?" என்று கத்தியவள் என் மனைவி. தோப்புக்காரர் கம்போடு ஓடி வருவதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை அவர் ஐந்தாம் மரத்தடியில் ஒடிந்து கிடந்த கிளைகளைக் காட்டினார். பிறகு சந்துக்குக் கூட்டிப் போனார். ஈரமண்ணில் காலடித் தடம் வட்டம் வட்டமாக இருந்தது.

"இங்கன வந்து முழிச்சிருக்கானுவ அண்ணாச்சி. மரமே இல்லாத இடத்துல என்னத்தைத் தேடுனானுவ?"

"தெரியலையே" என்றேன். அரசுப் பணியில் பலமுறை சொன்ன பதில்தான். அதுவரை இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அவள் கேட்டாள். "அந்த வாகை உங்க படத்துல இருந்துச்சா?"

"இருந்தது."

அன்று சாயங்காலமும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கிளைகள் கிளைகளாகவே இருந்தன. காபி ஏழு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ஏழு பிரதிகளில் எது வெளியே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜெராக்ஸ் கடையில்கூட ஒரு தாள் அதிகமாக விழுந்திருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல முடியாத அளவுக்கு முறையாக அனுப்பியிருந்தேன். ஒரு நாள் தாங்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலி நெடுக நடந்தேன். ஒவ்வொரு மரமாக வெளிச்சம் அடித்தேன். இலையில் நின்ற நீர்த்துளிகள் கண்களைப் போல மின்னின. கிட்டப் போனால் நீர்த்துளிதான். அந்தச் சந்துக்கு வந்ததும் என் கையிலிருந்த வெளிச்சம் தானாகவே மேலே போயிற்று. அவர்கள் நின்ற அதே தடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். டார்ச்சை அணைத்தேன். அதன்பிறகு அதை எடுக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் என் கையைத் தொட்டாள். "அந்தா, கிணத்தோர வேம்புல." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணுதான். ஒத்தையில வந்திருக்கு" என்றாள். நெடுநேரம் பார்த்த பிறகு இருட்டில் ஒரு கிளை கை நீட்டியது. அது என் படத்தில் இல்லாத மரம்.

அதிலிருந்து நான்காம் நாள் வனத்துறையிலிருந்து பதில் வந்தது. ஒரு பக்கம், நல்ல தமிழ். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. மனுவில் குறிப்பிட்டுள்ள இணைப்பு இரண்டு, இட வரைபடம், கோப்பில் காணப்படவில்லை. எனவே தேவாங்குகள் தற்போது காணப்படும் மரங்களைத் தெளிவாகக் குறித்து, வரைபடத்தை மூன்று பிரதிகளில் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பவும்.

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வந்த கடிதம் எதற்கும் பதில் எழுதாமல் இருந்தவன் இல்லை நான். இதற்கு எழுதவில்லை. பழக்கதோஷத்தில் ஓரத்தில் பெற்ற தேதியை மட்டும் குறித்து வைத்தேன்: செப்டம்பர் 21, சனிக்கிழமை.